நிலநடுக்கக் கேபிள் கிட்: ஆறு மாடிக்கு மாட்டிய பிறகு

இந்தப் பொருளுக்கு விமர்சனம் எழுத உட்கார்ந்தால் முதலிலேயே ஒரு சங்கடம். டிரில் மெஷின் வாங்கினால் மறுநாளே நாலு துளை போட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொல்லிவிடலாம். இது பூமி குலுங்கினால் மட்டும் வேலை செய்கிற பொருள். மாட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் அதற்கு வேலை வரவில்லை, வரவும் வேண்டாம். அதனால் பெட்டி பிரித்ததிலிருந்து சைட்டில் மாட்டி முடித்தது வரை என்ன பார்த்தேன், கணக்கு எங்கே இடித்தது, இழுத்துச் சோதித்தபோது எது தாங்கியது, எது வளைந்தது என்பதைத்தான் சொல்ல முடியும்.

என் தொழில் கட்டடச் சேவைகள். தண்ணீர், ஏசி, தீயணைப்புக் குழாய்களை வரைந்து கொடுத்து, சைட்டில் நின்று முடித்துத் தருவது. இந்த முறை கடுமையான அதிர்வு மண்டலத்தில் ஆறு மாடி மருத்துவமனை. ஸ்பிரிங்க்ளர் மெயின் (தீயணைப்புத் தண்ணீரின் பிரதானக் குழாய்), ஏசிக்குக் குளிர்ந்த நீர் கொண்டுபோகும் சில்லர் தண்ணீர்க் குழாய், காற்று போகும் பெரிய டக்ட் எல்லாம் ஸ்லாபிலிருந்து ராடில் தொங்குகின்றன. அவை பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்க வயர் ரோப் பிரேசிங் கிட், அதாவது சாய்வாக இழுத்துக் கட்டும் எஃகுக் கேபிள்கள், வாங்கினோம். கூடவே அதே கம்பெனி தருகிற டிசைன் உதவியையும் எடுத்துக்கொண்டோம். இரண்டையும் பற்றித்தான் இது. கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த வகைக் கிட்டுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன, குறைகளும் சேர்த்து.

"பில்டிங் நின்றால் போதாதா, பைப்புக்கு எதற்கு இவ்வளவு?" என்று பில்டிங் ஓனர் தரப்பில் கேட்டார்கள். கலிஃபோர்னியாவில் ஆலிவ் வியூ என்றொரு மருத்துவமனை. 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் புத்தம்புதுக் கட்டடமே உருக்குலைந்து, இடிக்க வேண்டியதாயிற்று. அதே இடத்தில் மறுபடி கட்டும்போது எஃகுத் தகட்டுச் சுவர்களெல்லாம் வைத்து முரட்டு பலத்தில் கட்டினார்கள். 1994-இல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம், ரிக்டர் என்று நாம் வழக்கமாகச் சொல்கிற அளவில் 6.7. கூரையில் இருந்த கருவி 2.3 ஜி வரை பதிவு செய்தது. அதாவது பொருளின் சொந்த எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பக்கவாட்டில் தள்ளுகிற விசை. கட்டடம் உறுதியாக நின்றது. ஆனால் ஸ்பிரிங்க்ளர் குழாயும் சில்லர் தண்ணீர்க் குழாயும் உடைந்து மாடிமாடியாகத் தண்ணீர் கொட்டியதில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டி வந்தது. காயம்பட்டவர்கள் ஓடி வரவேண்டிய இடத்திலிருந்து நோயாளிகள் வெளியே போனார்கள். இதைச் சொன்ன பிறகு அந்தக் கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம்.

ஒரு பெட்டியில் பத்து ஜோடி. ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு முனையில் தொழிற்சாலையிலேயே அழுத்திப் பதித்த வளையமும் அதோடு ஒரு மடித்த எஃகுப் பிராக்கெட்டும். மறுமுனைக்குத் தனியாக ஒரு பூட்டு. கேபிளை உள்ளே விட்டு, பைப் கிளாம்பைச் சுற்றி எடுத்து, பூட்டின் இன்னொரு துளைக்குள் திரும்ப நுழைத்து இழுத்தால் உள்ளே இருக்கும் ஆப்பு கடித்துக்கொள்ளும். அந்தப் பக்கம் போகும், இந்தப் பக்கம் வராது. ஸ்பேனர் வேண்டாம், யூ போல்ட் வேண்டாம். தவறாக இழுத்துவிட்டால் விடுவிக்க ஒரு சின்னச் சாவி.

யூ போல்ட் கிளிப் போட்டுக் கேபிள் கட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அதில் யூ வளைவு வெட்டிவிட்ட குட்டை முனைமேல் உட்கார வேண்டும், சேணம் போன்ற பகுதி சுமை தாங்கும் நீண்ட கேபிள்மேல் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை தாங்குகிற கேபிளையே நசுக்கிவிடும். ஏணிமேல் நின்று அண்ணாந்து வேலை செய்கிற ஆள் நாளுக்கு நாற்பது இடத்தில் அதைச் சரியாகப் போடுவார் என்று நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். முந்தைய ஒரு சைட்டில் பாதியைக் கழற்றி மறுபடி போட வைத்தேன். இந்தப் பூட்டில் அப்படி மாற்றிப் போட வழியே இல்லை. இந்த ஒரு காரணத்துக்கே நான் மறுபடி இதை வாங்குவேன்.

எங்கள் ஃபோர்மேன் அண்ணனுக்கு முதல் நாள் பிடிக்கவே இல்லை. "மேடம், கயிற்றைக் கட்டி ஆறு அங்குலப் பைப்பைத் தாங்கச் சொல்றீங்களே?" என்றார்.

"தாங்குறது ராடு அண்ணே. கயிறு ஆடாம பிடிக்கிறதுக்கு. கொடிக்கம்பத்தை நாலு பக்கமும் இழுத்துக் கட்டுற மாதிரி."

"அப்ப ஒரு பக்கம் மட்டும் போட்டா?"

"ஒரு பக்கம் மட்டும்தான் பிடிக்கும்."

அந்தக் கேள்விதான் கேபிளுக்கும் கெட்டி பிரேசுக்கும் உள்ள முழு வித்தியாசம். ஆங்கிளோ பைப்போ வைத்துப் போடுகிற கெட்டி பிரேஸ் இழுவையும் தாங்கும், அழுத்தமும் தாங்கும். ஒரு பக்கம் போட்டால் போதும். கேபிள் இழுத்தால் மட்டுமே வேலை செய்யும், தள்ளினால் தொய்ந்துவிடும். அதனால் எப்போதும் எதிரெதிரே ஜோடி. எங்கள் காரிடார் சீலிங்கில் இரண்டு பக்கமும் கேபிள் டிரே, டக்ட், மருத்துவ வாயுக் குழாய் என்று அடைத்துக்கொண்டிருந்தது. 45 டிகிரியில் இரண்டு பக்கமும் கேபிள் போக இடமில்லை. அங்கெல்லாம் கெட்டி பிரேசுக்கே போய்விட்டோம். ஆனால் ஒரே நேர்க் குழாயில் ஒரே திசைக்குக் கொஞ்சம் கேபிள், கொஞ்சம் கெட்டி பிரேஸ் என்று கலக்கக் கூடாது. கெட்டியானது முதலில் முழுச் சுமையையும் எடுத்துக்கொள்ளும், கேபிள் இறுகுவதற்குள் அது போய்விடும். கம்பெனியின் படத்தாளில் இது இருக்கிறது, கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில்.

கேபிளுக்கு நிகரே இல்லாத ஓர் இடமும் உண்டு. ஸ்பிரிங்கில் தொங்குகிற ஃபேனும் இன்லைன் பம்பும். ஸ்பிரிங் போடுவதே அதிர்வு ஸ்லாபுக்குப் போகாமல் இருக்க. அதற்குக் கெட்டி பிரேஸ் போட்டால் ஸ்பிரிங் போட்டதே வீண், மேல்மாடி வார்டில் இரவெல்லாம் ரீங்காரம் கேட்கும். கேபிளைக் கொஞ்சம் தொய்வாக விட்டால் தினசரி அதிர்வு கடக்காது, குலுங்கும்போது மட்டும் இறுகிப் பிடிக்கும். சாதாரணப் பைப்புக்குக் கையால் இழுத்து நேராக வரும் அளவுக்கு, ஸ்பிரிங் கருவிக்குக் கண்ணுக்குத் தெரிகிற சிறு தொய்வு. இந்த இரண்டையும் ஆட்களுக்குப் புரியவைக்க ஒரு காலைப்பொழுது போயிற்று. ஆர்வக் கோளாறில் ஒருவர் கேபிளை வீணைத் தந்திபோல முறுக்கி, பைப்பையே ராடிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நிறுத்தியிருந்தார். சாவி போட்டு விடுவித்தோம்.

வேகத்தைப் பொறுத்தவரை புகார் இல்லை. கெட்டி பிரேஸ் ஒன்றுக்கு இரண்டு ஆளும் முக்கால் மணி நேரமும் ஆனது. ஆங்கர் (ஸ்லாபில் துளையிட்டுப் பதிக்கும் போல்ட்) ஏற்கெனவே போட்டிருந்தால் ஒரு ஜோடி கேபிளை ஒரே ஆள் கால் மணி நேரத்தில் முடித்தார்.

இனி என் பெரிய மனக்குறை. இதைக் கணக்கோடு சொன்னால்தான் விளங்கும். 150 மி.மீ. எஃகுக் குழாய், தண்ணீரோடு சேர்த்து மீட்டருக்குச் சுமார் 47 கிலோ. பைப் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் குறுக்குப் பிரேஸ் 12 மீட்டருக்கு ஒன்று, ஸ்பிரிங்க்ளருக்கான அமெரிக்க விதி என்எஃப்பிஏ 13 அனுமதிக்கும் உச்ச இடைவெளி அதுதான். பைப்பின் நீளவாக்கில் பிடிக்கும் நெடுக்குப் பிரேசுக்கு 24 மீட்டர். அப்படியென்றால் ஒரு குறுக்குப் பிரேஸ் கவனிக்க வேண்டிய எடை 560 கிலோ சொச்சம். எங்கள் கட்டடத்தில் ஒரு நடு மாடிக்கு வந்த கெழுப்படி (எடையில் எத்தனை பங்கு பக்கவாட்டு விசையாகும் என்ற எண்) அதில் பாதி பக்கவாட்டில் தள்ளும், 280 கிலோ. கேபிள் 45 டிகிரியில் இருந்தால் அதில் 400 கிலோ இழுவை. கிட்டின் கேபிளுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

ஆனால் சாய்ந்த கேபிள் பக்கவாட்டில் மட்டுமா இழுக்கும்? மேலேயும் தூக்கும். 45 டிகிரியில் அதே 280 கிலோ மேல்நோக்கி. அந்த இடத்து ராடில் தொங்குவதோ மூன்று மீட்டர் பைப், 140 கிலோ. தூக்குகிற விசை தொங்குகிற எடையை மிஞ்சிவிடுகிறது. இழுவைக்கென்று போட்ட ராட் ஒரு நொடியில் தூணாகிவிடும், 140 கிலோ அழுத்தம் அதன்மேல் வரும். 900 மி.மீ. நீளமுள்ள 12 மி.மீ. மரை ராட், இரு முனையும் சுழலக்கூடியது என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 115 கிலோவிலேயே வளைந்துவிடும். இதைத் தடுக்கத்தான் ராடோடு ஒரு சி சேனலையோ ஆங்கிளையோ கிளிப் போட்டு இறுக்குவது, ராட் ஸ்டிஃப்னர்.

அந்தக் கிளிப் பெட்டியில் இல்லை. விலைப்பட்டியலில் வேறு பக்கத்தில், வேறு எண்ணோடு, தனிச் சரக்காக இருக்கிறது. படத்தாளில் "தேவைப்படின்" என்று ஒரு சொல். எப்போது தேவைப்படும் என்று சொல்லவில்லை. கிட்டை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு, நிலநடுக்கத்துக்குத் தயார் என்று கையெழுத்துப் போட்ட சைட்டுகள் எத்தனை இருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நம்பாதவர்களுக்காகவே அடித்தளத்தில் ஒரு மாதிரி கட்டினோம். ஒரு துண்டுப் பைப், தண்ணீர் நிரப்பி 140 கிலோ வரும்படி, அதே 900 மி.மீ. ராடில் தொங்கவிட்டு, ஒரு பக்கம் கேபிள், எதிர்ப்பக்கம் தூணில் இழுப்பதற்குச் செயின் பிளாக், நடுவில் இழுவையை அளக்கும் லோட் செல். மெல்ல இழுத்தோம். பூட்டு முதலில் இரண்டு மூன்று மி.மீ. வழுக்கி, பிறகு கடித்தது. அதற்குப் பின் அசையவில்லை. கேபிளும் பிராக்கெட்டும் கல்லுப்போல. 280-ஐ நெருங்கியபோது ராட் வில்லாக வளைந்தது, பைப் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஏறியது. ஃபோர்மேன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். சேனல் கட்டி மறுபடி இழுத்தோம், 400 வரை. ராட் நேராகவே நின்றது. அன்றைக்குப் பிறகு ஸ்டிஃப்னர் போட்டீர்களா என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே ஏணி ஏறி எண்ணினார்.

ஆங்கரும் கிட்டில் வராது. அதைக் குறையாகச் சொல்லமாட்டேன், ஸ்லாபைப் பார்த்துத்தான் ஆங்கரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் எந்தத் தரம் என்றாவது பெட்டிமேல் எழுதியிருக்கலாம். நிலநடுக்கத்தில் கான்கிரீட்டில் வெடிப்பு விழும். ஆங்கர் துளையின் குறுக்கே வெடிப்பு ஓடி, திறந்து மூடி, திறந்து மூடி ஆடும். வெடிக்காத கான்கிரீட்டில் மட்டும் சோதித்த சாதாரண ஆங்கர் அந்த ஆட்டத்தில் நழுவி வந்துவிடும். ஐரோப்பியத் தரப்படுத்தலில் சி2 என்று ஒன்று உண்டு, வெடிப்பை 0.8 மி.மீ. வரை திறந்து மூடிச் சோதிப்பது. நாங்கள் அதைத்தான் கேட்டு வாங்கினோம். துளை போட்டதும் தூசியை ஊதி வெளியேற்றுவது, சொன்ன ஆழம், டார்க் ரெஞ்சில் சொன்ன இறுக்கம் என்று இந்தச் சலிப்பூட்டும் வேலைகளில்தான் மொத்தப் பாதுகாப்பும் தொங்குகிறது. கேபிள் அறுந்து நான் பார்த்ததில்லை. கையால் இழுத்தாலே வருகிற ஆங்கரைப் பார்த்திருக்கிறேன்.

டிசைன் உதவிக்கு வருகிறேன். டிராயிங் அனுப்பினால் பிரேஸ் இடங்களைக் குறித்து, கணக்குத் தாளோடு திருப்பி அனுப்புகிறார்கள். எங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. வந்த வேலையில் பாதி அருமை, பாதியை நான் சிவப்பு மையில் திருத்தினேன்.

அருமை என்றது மாடிவாரிக் கணக்கு. பலர் எல்லா மாடிக்கும் ஒரே கெழு போட்டுவிடுவார்கள். கட்டடம் மேலே போகப் போக அதிகம் ஆடும். கட்டடச் சுமைகளுக்கான அமெரிக்க விதி ஏஎஸ்சிஇ 7-இன் 2016 பதிப்பு வரை இருந்த சூத்திரத்தில் தரைமட்டத்தில் ஒன்று என்றால் கூரையில் மூன்று. 2022 பதிப்பில் சூத்திரத்தையே மாற்றி, கட்டடத்தின் சொந்த அலைவு நேரத்தையும் உள்ளே கொண்டுவந்தார்கள். இவர்கள் ஒவ்வொரு மாடிக்கும் தனித் தாள் கொடுத்தார்கள். மேல் மாடியில் பிரேஸ் நெருக்கமாகவும் கேபிள் தடிமனாகவும் வந்தன. மருத்துவமனை என்பதால் முக்கியத்துவக் காரணி, அதாவது விசையைக் கூட்டிப் பெருக்கும் எண், 1.5 போட்டிருந்தார்கள், கேட்காமலே.

சிவப்பு மை வாங்கிய இடங்கள் இரண்டு. ராட் குட்டையாக இருந்தால் பைப் அதிகம் ஊசலாடாது என்பதால் பிரேஸ் விலக்கு உண்டு. பொதுவான குழாய்களுக்கு விதிகளில் அந்த எல்லை 300 மி.மீ. வரை போகும், நிபந்தனைகளோடு. ஸ்பிரிங்க்ளருக்கு என்எஃப்பிஏ 13-இல் 150 மி.மீ.க்கும் குறைவாக இருக்க வேண்டும். அவர்களுடைய மென்பொருள் எல்லாவற்றுக்கும் 300 போட்டு, மூன்றாம் மாடி ஸ்பிரிங்க்ளர் மெயினில் ஒரு நீளமான பகுதியை அப்படியே விட்டிருந்தது. ஆலிவ் வியூவில் தண்ணீர் கொட்டிய அதே வகைக் குழாய்.

இரண்டாவது இன்னும் மோசம். எங்கள் கட்டடம் இரண்டு பகுதி, நடுவில் அதிர்வு இடைவெளி. இரண்டும் வேறு வேறு தாளத்தில் ஆடும். அந்த இடைவெளிக்கு ஒரு முழம் தள்ளி, பைப் இந்தப் பகுதி ஸ்லாபில் தொங்க, பிரேஸின் மறுமுனையை அந்தப் பகுதி பீமில் காட்டியிருந்தார்கள். ஒரு பகுதி இந்தப் பக்கம் போக மற்றப் பகுதி அந்தப் பக்கம் போனால், பிடிக்க வேண்டிய பிரேஸே பைப்பைப் பிய்த்துவிடும். தொங்குவது எதிலோ, பிடிப்பதும் அதில்தான் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். வரைந்தவருக்குத் தெரியாமல் இருக்காது. ஸ்ட்ரக்சர் டிராயிங்கை அவர் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். போனில் சொன்னதும் மன்னிப்புக் கேட்டு இரண்டு நாளில் திருத்தி அனுப்பினார்கள். இடைவெளியைக் கடக்கும் எல்லாக் குழாய்க்கும் வளையும் இணைப்பு போட்டிருந்தது மட்டும் முதலிலிருந்தே சரியாக இருந்தது.

இன்னொன்று அவர்கள் கையில் இல்லாதது, ஆனால் கிட் வாங்குபவர்கள் மறப்பது. பைப்பை எவ்வளவு பிடித்தாலும் கொஞ்சம் அசையும், சுவரும் அசையும். சுவரில் பைப் போகும் துளை இறுக்கமாக இருந்தால் அங்கேயே அறுபடும். 100 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்பிரிங்க்ளர் குழாய்க்குத் துளை 100 மி.மீ. பெரிதாக இருக்கச் சொல்கிறது என்எஃப்பிஏ 13. அதாவது சுற்றிலும் 50 மி.மீ. எங்கள் சைட்டில் பூச்சுக்காரர் நல்லெண்ணத்தில் பதினோரு துளையைச் சிமெண்ட் வைத்து அழகாக அடைத்துவிட்டார். உடைத்து, தீ தாங்கும் மெத்தென்ற பொருளால் அடைத்தோம்.

சில்லறைக் குறைகள்: கேபிளின் பலத்தைக் காட்டும் நிறப் பட்டை காகிதம், ஈரத்தில் உரிந்துவிடுகிறது. இன்ஸ்பெக்டர் வந்து எது எந்தக் கேபிள் என்று கேட்டபோது விட்டம் அளந்து காட்ட வேண்டியதாயிற்று. பிளாஸ்டிக் வளையமாகப் போட்டால் என்ன? விடுவிக்கும் சாவி பெட்டிக்கு ஒன்றுதான், இரண்டாம் வாரமே எங்களிடம் ஒன்று கூட இல்லை. சாதாரணக் கட்டிங் பிளேயரால் கேபிளை வெட்டினால் நுனி பிரிந்து பூட்டுக்குள் நுழையாது, அதற்கான கட்டரைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பிராக்கெட்டின் மடிப்புக் கோணத்தைக் கையால் மாற்றலாம் என்று படம் காட்டுகிறது. ஒரு முறை மாற்றலாம். மூன்று முறை முன்னும் பின்னும் வளைத்த பிராக்கெட்டில் மடிப்போரம் முடிக்கோடு போல விரிசல் பார்த்தேன், தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஐந்துக்கு எத்தனை என்றால், கேபிளுக்கும் பூட்டுக்கும் நாலரை. டிசைன் உதவிக்கு மூன்று, அதுவும் திருத்திக் கேட்டபோது மூக்கு விடைக்காமல் கேட்டுக்கொண்டதற்காக. படத்தாளுக்கு ஒன்று. காரிடார் சீலிங் நெரிசலாக இருந்தால் வாங்காதீர்கள், கெட்டி பிரேஸ் போடுங்கள். பம்ப் ரூம், ஃபேன் ரூம், மொட்டை மாடிக்குக் கீழுள்ள விசாலமான இடம் என்றால் தயங்க வேண்டாம். ஆர்டர் போடும்போதே ராட் ஸ்டிஃப்னர் கிளிப், சி2 ஆங்கர், கேபிள் கட்டர் மூன்றையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். சாவி நாலைந்து கூடுதலாகக் கேளுங்கள், எங்களுக்குச் சும்மாவே அனுப்பினார்கள்.